சொந்தமாக பி.பி.எஸ். நடத்த எந்த மென்பொருள்? ஒரு சிஸாப்பின் ஒப்பீடு

பி.பி.எஸ். என்பது பயனர்கள் தொலைவிலிருந்து இணைந்து செய்தி எழுதும், கோப்பு பரிமாறும், விளையாடும் எழுத்துத்திரைப் பலகை; அதை நடத்துபவர் சிஸாப். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொழுதுபோக்காக ஒரு பி.பி.எஸ். நடத்த விரும்பும் பெரும்பாலானவர்களுக்கு சிங்க்ரோநெட் சரியான தேர்வு. ஆன்ஸி திரைகளை (வண்ண எழுத்துக்குறிகளால் ஆன ஓவியத் திரைகளை) வரைந்து இழைப்பதில்தான் உங்கள் ஆசை முழுவதும் இருக்கிறது என்றால் மிஸ்டிக். ஜாவாஸ்கிரிப்ட் எழுதிப் பழகிய கை, பழைய வழக்கங்களுக்குக் கட்டுப்பட விருப்பமில்லாத மனம், இரண்டும் இருந்தால் எனிக்மா½. இந்த வரிசைக்கு நான் எப்படி வந்தேன் என்பதைக் கீழே விளக்குகிறேன். என் காரணங்கள் உங்களுக்குப் பொருந்தாவிட்டால் வரிசையையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

1978 பிப்ரவரி 16 அன்று சிகாகோவில் வார்டு கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் சி.பி.பி.எஸ். என்ற முதல் பலகையை இயக்கத்துக்குக் கொண்டுவந்தபோது, ஒரு தொலைபேசி இணைப்பில் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே உள்ளே வர முடிந்தது. மோடம் இருந்த இடத்தில் இப்போது இணையம் வழியாக இணையும் டெல்நெட்டும், அதையே மறையாக்கத்தோடு செய்யும் எஸ்.எஸ்.எச்.சும் வந்துவிட்டன. இணைப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் 80 பத்தி (ஓர் எழுத்து அகல இடம் ஒரு பத்தி), 25 வரி கொண்ட திரை, செய்திப் பகுதிகள், கோப்புப் பகுதிகள், டோர் விளையாட்டுகள் (பலகையிலிருந்து ஓட்டும் தனி நிரல்கள்) என்ற அமைப்பு அப்படியே நீடிக்கிறது. அதனால் மென்பொருள்களை அம்சப் பட்டியல் வைத்து ஒப்பிட்டால் எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும். எதில்தான் செய்திப் பகுதி இல்லை?

நான் பார்ப்பது வேறொன்றை. பலகை தொடங்கிய முதல் சில வாரங்கள் மெனுக்களை அடுக்குவதிலும் வரவேற்புத் திரையை அழகுபடுத்துவதிலும் கழியும். அந்த உற்சாகம் அடங்கிய பிறகு சிஸாப்பின் நேரத்தைப் பிடித்துக்கொள்பவை வேறு: பிற பலகைகளோடு செய்தி பரிமாறும் வலைப்பின்னல் அஞ்சல் நின்றுபோனதா, செய்தித் தளம் சிதைந்ததா, இயங்குதளத்தை மேம்படுத்தியபின் டோர்கள் ஓடுகின்றனவா, தானியங்கி ஊடுருவல்கள் எல்லா நோடுகளையும் (ஆளுக்கு ஒன்றாகப் பயனர்கள் நுழையும் இடங்களை) அடைத்துக்கொண்டிருக்கின்றனவா. ஒரு மென்பொருள் நல்லதா என்பது இந்த இரண்டாம் கட்டத்தில்தான் தெரிகிறது. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் உண்டு. அதை எழுதியவர் நாளை நிறுத்திவிட்டால் உங்கள் பலகையில் பல ஆண்டுகள் சேர்ந்த உரையாடல்கள் என்ன ஆகும்?

அந்தக் கேள்வி கற்பனையானதல்ல. பிசிபோர்டு ஒரு காலத்தில் வணிகப் பலகைகளின் அரசன். பி.பி.எல். என்ற தன் நிரல்மொழியால் அதற்கென்று தனியாக ஒரு துணைநிரல் உலகமே உருவாகியிருந்தது. கிளார்க் டெவலப்மென்ட் நிறுவனம் 1997இல் மூடப்பட்டதும் மூலநிரல் கையில் இல்லாத சிஸாப்புகள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதாயிற்று. ரிமோட்அக்சஸ், ரெனிகேட், மாக்சிமஸ் போன்ற, டாஸ் என்ற பழைய இயங்குதளக் காலத்து மென்பொருள்களின் மேல் இன்றும் பலருக்குத் தீராத பாசம் இருக்கிறது, எனக்கும் உண்டு. அவற்றின் வேகமும் சிக்கனமும் வியக்கத்தக்கவை. ஆயினும் அவற்றை இன்று நிறுவுவது என்றால், டாஸ் சூழலை வேறொன்றின் உள்ளே ஓட்டி, டெல்நெட் இணைப்பை மோடம் செருகும் தொடர்முனையாகப் பாவனை செய்து, அந்த முனையோடு பலகையைப் பேசவைக்கும் ஃபாசில் இயக்கியை நடுவில் வைத்து, ஒவ்வொரு நோடுக்கும் அதைத் திரும்பச் செய்ய வேண்டும். பழைய பொருளை மீட்டெடுப்பதே உங்கள் பொழுதுபோக்கு என்றால் தாராளமாகச் செய்யுங்கள். பலகையில் மனிதர்கள் பேச வேண்டும் என்பது நோக்கமாக இருந்தால் இந்தப் பாதை வேண்டாம்.

இனி சிங்க்ரோநெட். ராப் ஸ்வின்டெல் 1990களின் தொடக்கத்தில் டாஸுக்காக எழுதத் தொடங்கி வணிகப் பொருளாக விற்ற மென்பொருள் இது. பின்னர் ஜி.பி.எல். உரிமத்தில் மூலநிரலோடு திறந்துவிடப்பட்டது. விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடுகிறது, இன்றுவரை தொடர்ந்து வளர்கிறது. இதன் முதல் பலம், எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பது. டெல்நெட், ஆர்லாகின், எஸ்.எஸ்.எச்., எஃப்.டி.பி., வலைத்தளம், அஞ்சல், செய்திக்குழு, ஐ.ஆர்.சி. ஆகிய சேவைகளுக்கு வெளியிலிருந்து தனியாக எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. ஒரே பயனர் கணக்கு எல்லா வாசல்களிலும் செல்லும். ஒருவர் டெர்மினல் வழியாக எழுதிய செய்தியை இன்னொருவர் உலாவியில் படித்துப் பதில் எழுதலாம். பலகைகளை இணைக்கும் ஃபிடோநெட் வலைப்பின்னலின் அஞ்சலைப் பிரித்து அடுக்கும் எஸ்.பி.பி.எஸ்.எக்கோ, பொதிகளைக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்கிவரும் பிங்க்இட் இரண்டும் கூடவே வருகின்றன. டவ்-நெட் என்ற இதன் சொந்த வலைப்பின்னலில், செய்திகளைப் பொதியாகக் கட்டி அனுப்பும் க்யூ.டபிள்யூ.கே. முறையில் எளிதாகச் சேர்ந்துவிடலாம். புதிதாகத் தொடங்கிய வெறிச்சோடிய பலகையிலும் முதல் நாளிலிருந்தே படிக்கச் செய்திகள் இருக்கும். வருபவர் மறுபடி வருவாரா என்பதை இது பெருமளவு தீர்மானிக்கிறது.

இரண்டாவது பலம், உள்ளே பதிந்திருக்கும் ஜாவாஸ்கிரிப்ட். பலகையின் பெரும்பகுதி நடத்தையை மூலநிரலைத் தொடாமலே மாற்றலாம். பிசிபோர்டு, வைல்டுகேட், ரெனிகேட் ஆகியவற்றைப் போலவே தோன்றி நடந்துகொள்ளும் கட்டளைச் சூழல்கள் கூடவே வருகின்றன. பழைய பலகைகளில் விரல்கள் பழகிய பயனர்களுக்கு அது பெரிய உபகாரம். செய்திகளை வைத்திருக்கும் எஸ்.எம்.பி. வடிவத்துக்கு ஆவணம் இருக்கிறது. சோதிக்கவும் சரிசெய்யவும் தனிக் கருவிகள் உண்டு. மின்வெட்டுக்குப் பிறகு ஒரு செய்திப் பகுதி சிதைந்தால் அவற்றை ஓட்டிப் பார்க்கலாம். மூலநிரல் திறந்திருப்பதால், எழுதியவர் விலகினாலும் இன்னொருவர் கையில் எடுக்க முடியும். நான் இதை முதலிடத்தில் வைக்கப் பாதிக் காரணம் இந்த ஒன்றுதான்.

குறைகளும் உண்டு, சிறியவை அல்ல. அமைப்பு நிரலான எஸ்.சி.எஃப்.ஜி.யின் மெனுக்களுக்குள் மெனுக்கள் போய்க்கொண்டே இருக்கும். எந்த வசதி எந்த மூலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே நாள் பிடிக்கும். அமைப்புகள் இரும வடிவில் இருந்த காலம் போய் 3.20 பதிப்பிலிருந்து சாதாரண உரைக் கோப்புகளாக மாறியது பெரிய நிம்மதி. ஒரு மாற்றம் எங்கே நேர்ந்தது என்று இப்போது ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. பலகையின் வாசகங்கள் எல்லாம் ஒரே பெரிய கோப்பில் இருக்கின்றன. அதைத் திருத்துவதற்குப் பொறுமை வேண்டும். அதனால்தான் சிங்க்ரோநெட் பலகைகள் பல, நிறுவிய நாளில் எப்படி இருந்தனவோ அப்படியே இருந்துவிடுகின்றன. ஒன்றில் நுழைந்தால் நூறில் நுழைந்தது போன்ற உணர்வு வருகிறது என்று பயனர்கள் சொல்வது நியாயமான புகார். ஆனால் அது மென்பொருளின் எல்லை அல்ல. மாற்றுவதற்கான வழிகள் அத்தனையும் அங்கே இருக்கின்றன, செலவாகும் உழைப்புதான் அதிகம்.

மிஸ்டிக் அந்த உழைப்பைப் பாதியாக்குகிறது. ஃப்ரீ பாஸ்கலில் ஜேம்ஸ் கோய்ல் எழுதியது இது. விண்டோஸ், லினக்ஸ் ஆகியவற்றோடு ராஸ்பெரி பை கணினியிலும் இலகுவாக ஓடும். மெனு, ஒவ்வொரு விசைக்கான செயல், திரையில் எந்த இடத்தில் எந்த நிறத்தில் எது தோன்ற வேண்டும் என்பதையெல்லாம் பலகையின் உள்ளேயே இருந்து திருத்தி உடனே பார்க்கலாம். தேர்வை ஒளிரும் பட்டையால் காட்டும் விளக்குப்பட்டை மெனுக்கள், தீம்கள், செய்தி படிக்கும் திரையின் வடிவமைப்பு என்று ஓவியக் கண் உள்ளவருக்கு இது திறந்த வெளி. 1990களின் ஆன்ஸி கலைக் குழுக்களின் அழகுணர்ச்சி இன்று அதிகம் தென்படுவது மிஸ்டிக் பலகைகளில்தான். எம்.பி.எல். என்ற சொந்த நிரல்மொழி கற்க எளிது; பைதானிலும் எழுதலாம். இணையச் சேவைகளையும் பிங்க்பி அஞ்சல் பரிமாற்றத்தையும் எம்.ஐ.எஸ். என்ற ஒரே சேவையகம் பார்த்துக்கொள்கிறது. ஃபிடோ வகை வலைப்பின்னலில் முதன்முறையாகச் சேருபவருக்கு, முகவரி, இணைப்பு நோடு (நமக்கு அஞ்சல் தரும் பலகை), கடவுச்சொல், எக்கோ பகுதிகள் (பலகைகள் பகிரும் செய்திப் பகுதிகள்) என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நிரப்ப முடிவது அருமையான அனுபவம். எஸ்.எஸ்.எச். வேண்டுமென்றால் கிரிப்ட்லிப் என்ற மறையாக்க நூலகத்தை நீங்களே கொண்டுவந்து வைக்க வேண்டும். அது ஒரு மாலை வேலை.

என்னைத் தடுப்பது ஒன்றுதான். மிஸ்டிக் இலவசமானது, ஆனால் மூடிய நிரல். பழைய 1.10 பதிப்பின் மூலநிரல் வெளியிடப்பட்டிருக்கிறது. இப்போது எல்லோரும் ஓட்டும் 1.12 வரிசைக்கு அது இல்லை. ஒரே ஒருவரின் ஆர்வத்தில் நிற்கும் மென்பொருள். அவர் ஓய்வெடுக்கும் காலங்களில் பிழைகள் அப்படியே காத்திருக்கும். அதை அவர்மேல் குறையாகச் சொல்லவில்லை. இத்தனை ஆண்டுகள் இவ்வளவு செம்மையான ஒன்றை இலவசமாகக் கொடுத்தவருக்கு இந்தத் துறையே கடன்பட்டிருக்கிறது. ஆனாலும் பிசிபோர்டு சிஸாப்புகளுக்கு நேர்ந்ததை மனத்தில் வைத்திருப்பவர் இதை எடைபோட்டே ஆக வேண்டும். ஆறுதலான செய்தி, மிஸ்டிக் செய்திகளை ஜாம் வடிவில் வைத்திருக்கிறது. 1990களிலேயே வெளியிடப்பட்டு, பல மென்பொருள்கள் ஏற்றுக்கொண்ட பொது வடிவம் அது. மிஸ்டிக் நின்றுபோனாலும் உங்கள் செய்திகள் அதனோடு சிறைப்பட்டுவிடாது. மெனுக்களும் எம்.பி.எல். நிரல்களும்தான் பின்தங்கும். இந்தக் கணக்கு உங்களுக்குச் சம்மதம் என்றால் மிஸ்டிக்கைத் தயங்காமல் எடுங்கள்.

எனிக்மா½ முற்றிலும் புதிய தலைமுறை. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ் மேல் எழுதப்பட்டு, பி.எஸ்.டி. உரிமத்தில் திறந்திருக்கிறது. செய்திகளும் பயனர்களும் எஸ்.க்யூ.லைட் தரவுத்தளத்தில் இருக்கின்றன. எந்தத் தரவுத்தளக் கருவியாலும் அதைத் திறந்து படிக்கலாம் என்பதால், நிலைத்திருத்தல் என்ற அளவுகோலில் இதற்கு மிக உயர்ந்த மதிப்பெண் தருவேன். அமைப்புகள் யாவும் எச்-ஜேசன் உரைக் கோப்புகள். கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில் சேமித்து வைத்தால் பலகையின் வரலாறு முழுவதும் உங்களிடம் இருக்கும். கோப்புகளைப் பகுதிகளாக மட்டும் அடுக்காமல் குறிச்சொற்களால் தேடலாம், பெரிய கோப்புகளுக்குத் தற்காலிக வலை இணைப்பு கொடுக்கலாம், இரட்டைச் சரிபார்ப்போடு உள்நுழையலாம்.

ஆனால் மெனு அமைப்பை எழுதத் தொடங்கும்போதுதான் இது யாருக்கானது என்பது புரியும். ஒரு திரையைச் சேர்க்க, அது எந்தக் கலைக் கோப்பைக் காட்ட வேண்டும், அதில் எந்தக் குறியீடு எந்த உள்ளீட்டுக்கு, அது எந்த மெனுவுக்கு அழைத்துச் செல்லும் என்று அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக எழுத வேண்டும். ஓர் எழுத்துப் பிழைத்தால் உள்நுழைவே நின்றுவிடும். நிரலாளர்களுக்கு இது இயல்பான உலகம். மற்றவர்களுக்கு உண்மையிலேயே கடினம், அதைப் பூசி மெழுகிச் சொல்ல எனக்கு மனமில்லை. நோட்.ஜேஎஸ் பதிப்பு மாறும்போது சார்பு நூலகங்கள் முரண்டு பிடிப்பதும் உண்டு. ஃபிடோ அஞ்சலைக் கொண்டுசெல்ல பிங்க்டி போன்ற வெளி மெயிலரை இணைப்பதே இதன் வழக்கமான முறை. அதனால் அஞ்சல் நின்றுபோனால் தேட வேண்டிய இடங்கள் இரண்டாகின்றன.

டபிள்யூ.டபிள்யூ.ஐ.வி.யைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வெய்ன் பெல் 1984இல் தொடங்கியது. அதன் பாஸ்கல் மூலநிரலிலிருந்துதான் டெலிகார்டும் பின்னர் ரெனிகேட்டும் கிளைத்தன. இப்போதைய 5ஆம் பதிப்பு திறந்த மூலமாக உயிரோடு இருக்கிறது. அந்தப் பரம்பரையில் வளர்ந்தவருக்கு இனிமையான தேர்வு. புதிதாக வருபவர் சிங்க்ரோநெட்டை விட்டு இதை எடுக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. சிட்டடெல் தனி வகை. அறைகள் என்ற கருத்தில் அமைந்தது. ஓர் அறைக்குள் சென்றால் படிக்காததைப் படித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடலாம். உரையாடலுக்கு இதைவிட நேரான வடிவத்தை நான் பார்த்ததில்லை. டோர் விளையாட்டும் ஆன்ஸி மெனுவும் தேவையில்லை, சிறு குழுவினர் பேசினால் போதும் என்பவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். ஆனால் இன்றைய சிட்டடெல் பெரும்பாலும் அஞ்சல், குழுப்பணிச் சேவையகமாக வளர்ந்துவிட்டது என்பதை அறிந்துகொண்டு அணுகுங்கள்.

டோர்கள் விஷயத்தில் மென்பொருளைவிட இயங்குதளம்தான் முடிவைத் தீர்மானிக்கிறது. லெஜண்ட் ஆஃப் தி ரெட் டிராகன், டிரேட்வார்ஸ் 2002, பேரன் ரெல்ம்ஸ் எலீட் என்று மக்கள் கேட்டு வருபவை பெரும்பாலும் 16 பிட் டாஸ் நிரல்களாகப் பிறந்தவை. 64 பிட் விண்டோஸ் அவற்றை நேரடியாக ஓட்டாது. இதனால் பல சிஸாப்புகள் 32 பிட் விண்டோஸ் 10ஐப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே இன்று புதிதாகத் தொடங்குபவர் லினக்ஸில் டாஸெமு என்ற டாஸ் பாவனை நிரல் வழியாக டோர்களை ஓட்டக் கற்றுக்கொள்வதே நல்லது. மேலே சொன்ன மூன்றுமே இதைச் செய்யும். சிங்க்ரோநெட்டில் வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது. மிஸ்டிக்கிலும் எனிக்மா½விலும் சிறு தொடக்க நிரல்களை நீங்களே எழுத வேண்டியிருக்கும். டோருக்குப் பயனர் விவரம் கொடுக்கும் கோப்பு டோர்.சிஸ் வடிவிலா, டோரின்ஃபோ வடிவிலா என்று விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். ஓடாத டோர்களில் முதலில் சோதிக்க வேண்டியது அதைத்தான். இந்தச் சிரமம் வேண்டாம் என்றால் பி.பி.எஸ்.லிங்க், டோர்பார்ட்டி போன்ற பகிர்வுச் சேவையகங்களுக்கு உங்கள் பயனர்களை அனுப்பிவிடலாம். வேறு பலகைகளின் ஆட்டக்காரர்களும் அங்கே இருப்பதால் ஆட்டம் சூடு பிடிக்கும். சிங்க்ரோநெட்டிலேயே ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய விளையாட்டுகளும் உண்டு. அவற்றுக்கு எந்தப் பாவனைச் சூழலும் தேவையில்லை.

எழுத்துக் குறியாக்கம் பற்றி ஒப்பீடுகளில் அதிகம் பேசப்படுவதில்லை. ஆங்கிலம் மட்டும் எழுதுபவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை என்பதால் இருக்கலாம். பி.பி.எஸ். உலகம் சி.பி.437 என்ற 256 எழுத்துத் தொகுப்பின்மேல் கட்டப்பட்டது. ஆன்ஸி ஓவியங்களின் கட்டங்களும் நிழல்களும் அதிலிருந்தே வருகின்றன. தமிழுக்கு அதில் இடமில்லை. மிஸ்டிக் யு.டி.எஃப்-8 டெர்மினலுக்கு ஏற்ப அந்த 256 எழுத்துகளை மாற்றிக் காட்டும். உங்கள் பயனர்கள் தமிழிலேயே எழுத வேண்டும் என்றால் அது போதாது. சிங்க்ரோநெட் 3.18 பதிப்பிலிருந்து யு.டி.எஃப்-8 டெர்மினல்களை அடையாளம் கண்டு நடந்துகொள்கிறது. எனிக்மா½ தொடக்கத்திலிருந்தே உரையை யுனிகோடாக நடத்துகிறது. இருந்தாலும் ஒற்றைக்கொம்பும் புள்ளியும் எழுத்தோடு சேர்ந்து எத்தனை பத்தி அகலம் பிடிக்கும் என்பதில் டெர்மினல்கள் ஒத்துப்போவதில்லை. வரி உடைவதும் கர்சர் தடுமாறுவதும் நேரும். தமிழ் உரையாடல் முதன்மை நோக்கமானால் செய்திகளை வலைப்பக்கமாகவும் காட்டும் வசதி அவசியம். உலாவியில் எழுத்து சரியாகத் தெரியும். சிங்க்ரோநெட்டின் வலைமுகம் இந்த இடத்தில் மற்ற இரண்டையும் தெளிவாக முந்துகிறது.

பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2016இல் மிராய் என்ற தீநிரல் பரவியதிலிருந்து, டெல்நெட்டுக்கான 23ஆம் போர்ட்டைத் திறந்துவைத்திருக்கும் எந்தக் கணினியையும் தானியங்கிகள் ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கின்றன. அவை பயனர்களாக உள்ளே வருவதில்லை, ஆனால் நோடுகளை நிரப்பிவிடும். உண்மையான மனிதர் வரும்போது இடமிருக்காது. தவறான உள்நுழைவுகளை எண்ணித் தானாகத் தடைபோடும் வசதி சிங்க்ரோநெட்டில் நன்றாக இருக்கிறது. மிஸ்டிக்கின் எம்.ஐ.எஸ். ஒரே முகவரியிலிருந்து அடுத்தடுத்து வரும் இணைப்புகளைத் தடுப்பதோடு நாடுவாரியாகவும் தடுக்கும். எஸ்கேப் விசையை இருமுறை அழுத்தினால்தான் உள்ளே விடும் தொடக்கத் திரையை எதில் வேண்டுமானாலும் அமைக்கலாம். பெரும்பாலான தானியங்கிகள் அங்கேயே நின்றுவிடும். டெல்நெட்டில் கடவுச்சொல் மறைப்பின்றிப் பயணிக்கிறது என்பதை வரவேற்புத் திரையிலேயே எழுதி, எஸ்.எஸ்.எச். முகவரியையும் அங்கேயே கொடுங்கள். பயனர் நம்பி ஒப்படைக்கும் ஒன்றுக்கு நாம் பொறுப்பு.

இன்னும் மனம் ஊசலாடினால், இரண்டை ஒரே கணினியில் வெவ்வேறு போர்ட்டுகளில் நிறுவிப் பாருங்கள். அழகுவேலைக்குள் இறங்குவதற்கு முன் இரண்டிலும் எஃப்.எஸ்.எக்ஸ்.நெட் போன்ற ஒரு பொழுதுபோக்கு வலைப்பின்னலின் செய்திகளை வரவழையுங்கள். ஃபிடோநெட்டின் மண்டலம், வலை, நோடு என்ற முகவரி முறையையே அதுவும் பின்பற்றுகிறது. புதியவர்களுக்குப் பொறுமையாக உதவுபவர்கள் அங்கே இருக்கிறார்கள். இரு பலகைகளுக்கும் தனித்தனி முகவரி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பலகையை நிறுத்தி, அதன் அடைவை அப்படியே வேறொரு கணினிக்கு நகலெடுத்து, அங்கே எழுப்பிப் பாருங்கள். செய்திகள், பயனர்கள், அஞ்சல் இணைப்பு மூன்றும் குறையில்லாமல் எழுந்தது எது, எழவைக்க எவ்வளவு நேரம் தேட வேண்டியிருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். வரவேற்புத் திரையை வரைவதை அதற்குப் பிறகு தொடங்கலாம்.